இளைப்பாற்றலும் எஞ்சிய மலமும்

இறைவனுக்குரியனவாக ஆகமங்கள் எடுத்தோதும் ஐந்தொழில்களுள்ளே படைத்தலும் காத்தலும் அருளலும் கேட்ட மாத்திரத்தே எவர் செவிக்கும் இனிக்கின்றன. மறைத்தலுக்குச் சிறிது வியாக்கியானம் வேண்டியிருக்கிறது. அழித்தலோ, அன்பே வடிவானவன் என்று அவனைத் துதித்த அதே நாவினால் சங்காரகர்த்தா என்றும் சொல்ல நேர்கையில், சொல்லுகிறவனையே ஒரு கணம் தயங்க வைத்துவிடுகிறது. இந்தத் தயக்கத்தை நம் ஆசாரியர்கள் அறியாதவர்கள் அல்லர். அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் சுபக்கத்திலே இதனை நேராகவே எதிர்கொண்டு, பிறந்தும் இறந்தும் இளைத்துப்போன உயிர்களை இளைப்பாற்றுவதே அழித்தலின் பிரயோசனம், சினத்துக்கு அங்கே இடமில்லை என்று தெளிவித்து, ஐந்தும் அருட்செயல்களே என முடித்தார். முடிவு அழகியதுதான். ஆயினும் பிடிவாதமுள்ள ஒரு மாணாக்கன் அவ்விடத்தில் எழுந்து, 'சுவாமி, இளைப்பாற்றிய பின்னர் அவ்வுயிரை மீண்டும் பழைய பிறவிக்கடலிலேயே விடுவதாயின் இளைப்பாற்றியதனால் விளைந்த நன்மை யாது? களைப்பை மாத்திரம் நீக்கிக் களைப்பின் காரணத்தை அப்படியே விட்டுவைப்பது கருணையாகுமா?' என்று வினவுவானாயின், அவனை அதிகப்பிரசங்கி என்று சொல்லி உட்கார வைத்துவிட முடியாது.

அந்த வினா ஏட்டுச்சுவடிக்குள்ளே கிடந்து உறங்குவதன்று. சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கில் ஒன்றன் பெயரையும் கேட்டறியாத வீடுகளிலும் இன்று அது நாள்தோறும் எழுந்துகொண்டிருக்கிறது. நீர்வேலியை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியிலே கோப்பாயைக் கடந்ததும் செம்பாட்டு மண்ணும் வாழைத் தோட்டமுமாய் விரிகின்ற ஊர் அது. இரகுவமிசத்தைத் தமிழிலே பாடிய அரசகேசரியின் பெயர் தாங்கிய பிள்ளையார் கோயிலை உடையது. ஆறுமுக நாவலர் வாழ்ந்த அந்த நூற்றாண்டிலேயே வடமொழி தென்மொழி இரண்டிலும் வல்லவராய் விளங்கிச் சைவப்பிரகாசனம் முதலான நூல்களைச் செய்த சங்கர பண்டிதரைப் பெற்றது. பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளைப் பற்றி அப்பண்டிதர் எழுதிய ஊரிலே, இப்போது வீட்டுக்கு வீடு, விறாந்தைச் சுவரிலோ சுவாமியறைக்கு வெளிப்புறத்து மாடத்திலோ, கையகலமான வெள்ளைப் பெட்டி ஒன்று சிறு விளக்குகளை மினுக்கிக்கொண்டு இருக்கிறது. ரவுட்டர் என்று பிள்ளைகள் சொல்வார்கள். வைஃபைப் பெட்டி என்று பெரியவர்கள் சொல்வார்கள். ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் இருக்கிற மக்களும் பேரர்களும் இந்தப் பெட்டியின் வழியாகவே வீட்டுக்கு வந்து போகிறார்கள்.

அப்படி வந்த ஒரு பேரப்பிள்ளையின் முகம், ஏதோ சொல்லத் திறந்த வாயோடு, கைபேசித் திரையில் அப்படியே உறைந்துபோய் நின்றுவிட்டால், எங்கள் அயலிலுள்ள ஆச்சி ஒருவர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவர் பதறுவதில்லை. எழுந்து போய்ச் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுகிறார். பெட்டியின் கண்கள் எல்லாம் நூர்ந்துவிட்டனவா என்று குனிந்து பார்க்கிறார். உடனே திருப்பிப் போடக்கூடாது என்பது அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்த விதி. ஆகையால் சுவரைப் பிடித்தபடி நின்று ஐந்தெழுத்தைச் சில உரு சொல்லுகிறார். சொல்லி முடிந்த பிறகு பிளக்கை மாட்டுகிறார். முதலில் ஒரு விளக்கு பச்சையாய் நிலைக்கிறது. அடுத்தது மினுங்கி மினுங்கித் தயங்கிப் பிறகு நிலைக்கிறது. மூன்றாவது வருவதற்குள் அவர் கதிரைக்குத் திரும்பிவிடுகிறார். அநேக நாட்களில் இது பலித்துவிடும். பலியாத நாளில் அவர் கம்பனிக்குத் தொலைபேசி எடுப்பார். மறுமுனையிலே ஓர் இளைஞர், 'அம்மா, ஒருக்கால் நிப்பாட்டிப் போட்டுத் திருப்பிப் போடுங்கோ' என்பார். 'அதைத்தானே தம்பி காலமை தொடக்கம் செய்துகொண்டிருக்கிறன். நீங்கள் வேறை ஏதும் இருந்தால் சொல்லுங்கோ' என்பார் ஆச்சி. மாணாக்கனின் வினாவை இதைவிடச் சுருக்கமாகக் கேட்க முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை.

பெட்டிக்குள்ளே நடப்பது யாதென்று சிறிது பார்க்க வேண்டும். பெட்டி சிறியது, ஆயினும் அது ஒரு கணினி. வீட்டிலுள்ள கைபேசிகளும் தொலைக்காட்சியும் மடிக்கணினியும் வெளியுலகத்தோடு பேசத் தொடங்குந்தோறும், எந்தக் கருவி யாரோடு பேசுகிறது, வருகின்ற விடையை எவரிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பை அது தன் நினைவகத்தில் எழுதிக்கொள்கிறது; வீட்டுக்கு வெளியே முகவரி ஒன்றுதான், உள்ளே ஆட்கள் பலர், ஆகையால் இந்தக் கணக்கு இல்லாமல் நடவாது. பேச்சு முடிந்ததும் குறிப்பை அழித்துவிட வேண்டும். பெட்டியை இயக்கும் நிரலை எழுதியவர்களின் கவனக்குறைவால் சில குறிப்புகள் அழிவதில்லை. சில செயல்கள் தாம் வாங்கிய நினைவிடத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை. முறிந்துபோன ஒரு தொடர்பை உயிரோடிருப்பதாகவே எண்ணிப் பெட்டி காத்துக்கொண்டிருப்பதும் உண்டு. நாளடைவில் இவையெல்லாம் சேர்ந்து, புதிதாக ஒன்றை எழுத இடமில்லாத நிலை வருகிறது. அயல்வீட்டுப் பெட்டிகள் பலவும் ஒரே அலைவரிசையில் வந்து நெருங்கினாலும், முன்பு தேர்ந்துகொண்ட வரிசையையே விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் பெட்டிகளும் இருக்கின்றன. மின்சாரத்தை நிறுத்தினால் இந்தக் கணக்கும் பொய்யான காத்திருப்பும் பற்றும் ஒருங்கே அற்றுப்போகின்றன. மீண்டும் எழுகையில் பெட்டி தன் முகவரியைப் புதிதாகக் கேட்டு வாங்குகிறது, நெரிசல் குறைந்த வரிசை ஒன்றைப் புதிதாகத் தேர்கிறது.

ஆச்சி நின்று ஐந்தெழுத்து உருச்செய்த இடைவேளைக்கும் காரணமுண்டு. மின்சாரம் நின்ற கணத்திலேயே எல்லாம் அழிந்துவிடுவதில்லை. பெட்டிக்குள்ளிருக்கும் மின்தேக்கிகள் சிறிது மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. நினைவகமும் உடனே மறந்துவிடுவதன்று. 2008 ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், மின்சாரம் நின்ற பின்னும் சில வினாடி முதல் நிமிடக் கணக்கு வரையில் கணினி நினைவகத்திலே பழைய எழுத்து தங்கியிருக்கும் என்றும், குளிரூட்டினால் இன்னும் நெடுநேரம் தங்கும் என்றும், அதிலிருந்து இரகசியச் சாவிகளைப் படித்தெடுக்கலாம் என்றும் செய்து காட்டினார்கள். முத்தியடைந்தார்க்கும் உடல் உள்ளவரையில் வாசனாமலம் வந்து தாக்கும் என்று நம் நூல்கள் எச்சரிப்பதை இங்கே நினைவுகூர்வது மிகையாகாது. அவசரக்காரர் பிளக்கைப் பிடுங்கிய கையோடே மாட்டிவிட்டு, 'ஒன்றும் நடக்கவில்லையே' என்று குறைப்படுகிறார்; அவருக்கு ஒடுக்கம் நிகழவேயில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். பெட்டியில் நினைவகம் இருவகை. ஒன்று மின்சாரம் உள்ளவரையில் மாத்திரம் நிற்பது; மற்றொன்று மின்சாரம் போனாலும் போகாதது. கடவுச்சொல்லும் வீட்டுக்காரர் செய்து வைத்த ஏற்பாடுகளும் இந்த இரண்டாவதில் இருக்கின்றன. பெட்டியை இயக்குகிற நிரலும் அதிலேயே இருக்கிறது. நினைவிடத்தைத் திருப்பித் தராத அந்தக் குற்றம் எங்கே இருக்கிறதென்றால், இந்த நிரலில் இருக்கிறது. ஆகவே நிறுத்தி மீட்டும் எழுப்பும்போது குற்றத்தின் விளைவு ஒழிகிறது, குற்றம் ஒழிவதில்லை. பெட்டி எழுந்த முதற்கணத்திலேயே பழைய குற்றத்தோடு எழுகிறது, மறுபடியும் நிரம்பத் தொடங்குகிறது.

இதனை மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் முதலாவதிலேயே சொல்லிவிட்டார் என்பது, இந்தப் பெட்டியைப் பார்த்த பின்பு அந்தச் சூத்திரத்தைப் படிக்கிறவர்க்கு வியப்பை உண்டாக்கும். உலகம் தோன்றி நின்று ஒடுங்குவது. ஒடுங்கியது மீண்டும் தோன்றுவதற்குக் காரணம் மலம் நீங்காமை என்பது அங்கே பெறப்படும் கருத்து. சங்காரத்திலே ஒடுங்குவன தனு, கரணம், புவனம், போகம் என்னும் மாயையின் காரியங்கள். உடம்பும் கருவிகளும் உலகும் அநுபவப் பொருள்களும் தம் காரணத்திலே போய் அடங்குகின்றன. கன்மம் சூக்குமமாய்த் தங்கியிருக்கிறது. மூலமலமாகிய ஆணவமோ அநாதியே உயிரைப் பற்றியது, எந்தப் பிரளயத்தாலும் அசைவதில்லை. ஆகையினாலேதான் சித்தாந்திகள் சங்காரத்தை முத்தி என்று சொல்லவில்லை. இளைப்பாற்றல் என்று மாத்திரம் அளந்து சொன்னார்கள். எல்லாம் ஒடுங்கி ஒன்றுமில்லாமற் போவதையே வீடுபேறாகக் கொண்ட மதங்களோடு அவர்கள் வாதிட்டதும் இந்த ஒரு காரணம் பற்றியே. கருவிகள் கழன்று, அறிவின்றி, இருளிலே கிடக்கும் நிலை அவர்களுக்குக் கேவலாவத்தை. அது மலம் நீங்கிய சுத்தாவத்தை அன்று.

குற்றம் அநாதி என்னும்போது இக்காலத்தவர் சிலர் புன்முறுவல் செய்கிறார்கள். யாரோ ஒருவர் ஒருநாள் செய்யாமல் குற்றம் எப்படி வரும் என்பது அவர்கள் எண்ணம். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1991 பெப்ரவரி 25 ஆந் தேதி சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரிலே, வளைகுடாப் போரின்போது, எதிரியின் ஏவுகணையை வானிலே தடுக்க வைத்திருந்த பேட்ரியட் என்னும் பொறித்தொகுதி, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. அது படையினர் தங்கியிருந்த கட்டடத்தின்மேல் விழுந்து அமெரிக்கப் படையினர் 28 பேர் இறந்தனர். விசாரித்தபோது தெரியவந்தது இது. அந்தப் பொறி காலத்தைப் பத்திலொரு வினாடி பத்திலொரு வினாடியாக எண்ணியது. பத்திலொன்று என்பது நமக்கு முடிந்த எண்; இரண்டே இலக்கங்களால் எழுதுகின்ற பொறிக்கோ அது முடிவில்லாமல் நீளும் பின்னம். பொறியில் இடம் 24 இலக்கங்களுக்கே உண்டு, ஆகையால் எஞ்சியதை அது வெட்டிவிட்டது. வெட்டியதனால் ஒவ்வொரு எண்ணிக்கையிலும் உண்டான பிழை ஒரு கோடியில் ஒரு பங்கு வினாடிக்கும் சற்றுக் குறைவு. யாரும் பொருட்படுத்தக்கூடியதா? ஆனால் பொறி நிறுத்தப்படாமல் 100 மணித்தியாலம் ஓடியிருந்தது. 36 இலட்சம் எண்ணிக்கையில் அந்தத் துகள்கள் சேர்ந்து ஏறத்தாழ மூன்றிலொரு வினாடியாயின. அவ்வளவு நேரத்தில் ஸ்கட் அரைக் கிலோமீற்றருக்கு மேல் சென்றுவிடும். பொறி வானத்தில் பார்த்த இடம் வேறு, ஏவுகணை வந்த இடம் வேறு.

அதிக நேரம் ஓட்டினால் பிழை சேர்கிறது என்பதை இஸ்ரேலியர் இரு வாரங்களுக்கு முன்பே கண்டு அறிவித்திருந்தனர். நெடுநேரம் தொடர்ந்து ஓட்ட வேண்டாம் என்று படைகளுக்குச் செய்தியும் போயிருந்தது. நெடுநேரம் என்றால் எவ்வளவு என்று அந்தச் செய்தி சொல்லவில்லை. திருத்திய நிரல் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பெப்ரவரி 26 ஆந் தேதி. இடையிலே ஒருமுறை நிறுத்தி எழுப்பியிருந்தால் எண்ணிக்கை சுழியிலிருந்து தொடங்கியிருக்கும், அந்த இரவு 28 பேர் உயிரோடு தூங்கியிருக்கக்கூடும். இதை எண்ணிப் பார்க்கிறவன், 'காரணத்தை நீக்காத இளைப்பாற்றலால் என்ன பயன்' என்று இளக்காரமாகக் கேட்கமாட்டான். அதே வேளையில், ஒவ்வொரு துடிப்பிலும் பிழை இருந்ததையும் அவன் மறக்கமாட்டான். பொறிக்கு அந்தப் பிழை ஒருநாள் வந்து சேர்ந்ததன்று. காலத்தை எண்ணத் தொடங்கிய முதல் எண்ணிலேயே உடன் இருந்தது. அளவுக்குட்பட்ட இடத்தில் அளவற்றதை வைக்க முயன்றதன் பயனாக இருந்தது. ஆணவம் உயிரை அணுத்தன்மைப்படுத்துகிறது என்று நூல்கள் சொல்வதற்கு இதனினும் கிட்டிய உதாரணத்தை நான் கண்டதில்லை.

நீர்வேலித் தோட்டக்காரனுக்கு இவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. குலை வெட்டிய வாழையை அவன் தறித்து வீழ்த்துகிறான். சில நாளில் அடியிலிருந்து குட்டி எழும்புகிறது. கதலியில் எழுவது கதலி, மொந்தனில் எழுவது மொந்தன். கிழங்கைத் துளைக்கிற வண்டு தாய்மரத்தில் இருந்ததாயின், குட்டிக்கும் அதுவே சீதனம். தண்டைத் தறித்ததனால் வண்டு போய்விட்டது என்று எந்தத் தோட்டக்காரனும் நம்புவதில்லை. மண்வெட்டி எடுத்துக் கிழங்கைத் தோண்டிப் பார்க்கிறவன் அவன்.

மனிதக் கூட்டத்துக்கும் இந்த விசாரணையைக் கொண்டுபோகலாமா என்று கேட்டால், யாழ்ப்பாணத்தானுக்குக் கொண்டுபோகாமல் இருக்க முடியாது என்பேன். 1990 இல் குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது; சைக்கிள் சில்லைச் சுற்றித் தைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. 1995 ஒக்டோபர் 30 ஆந் தேதி இரவு, மழையிலே, போரினால் இடம்பெயர்ந்து வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. நீர்வேலியும் கோப்பாயும் உரும்பிராயும் ஒரே நாளில் ஆளற்றுப்போயின. இலட்சக்கணக்கான மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குள்ளே சென்று பள்ளிக்கூடத்து விறாந்தைகளிலும் மரத்தடிகளிலும் தங்கினார்கள். ஊர் என்னும் பொறி முற்றாக நிறுத்தப்பட்டது. அந்த மாதங்களில் ஒரே கிணற்றில் எல்லாரும் அள்ளினார்கள். ஒரே அண்டாவில் காய்ச்சிய கஞ்சியைக் குடித்தார்கள். யார் எந்தப் பகுதியார் என்று கேட்க நேரமும் இல்லை, மனமும் இல்லை. இனி ஒரு புதிய யாழ்ப்பாணம் பிறக்கும் என்று அப்போது சொன்னவர்கள் உண்டு.

அடுத்த ஆண்டு சித்திரையை ஒட்டிச் சனங்கள் திரும்பிவந்தார்கள். வேலி விழுந்து கிடந்தது, கதியால் காய்ந்து கிடந்தது. கதியாலை நட்டவுடனே, எல்லை எதுவரை என்னும் பழைய வழக்கும் கூட நட்டுக்கொண்டது. கிணறு துப்புரவாக்கப்பட்டபோது, அதில் யார் அள்ளலாம் என்னும் பழைய கணக்கும் பல ஊர்களில் மேலெழுந்தது. கோயிற் கதவு திறந்தபோது, தேர்வடம் தொடுவதற்கு உரியவர் யார் என்னும் வழக்கும் திறந்தது. ஆறு மாதத்துக் கஞ்சி அதைக் கரைக்கவில்லை. இடப்பெயர்வு எங்கள் தனுவையும் கரணத்தையும் புவனத்தையும் பறித்தது, மூலமலத்தை அது தொடவில்லை என்று நான் சொல்வதைச் சிலர் கடுமை என்பார்கள். பொய் என்று சொல்லக்கூடியவர் இருந்தால் எனக்குச் சந்தோஷமே.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபத்தையும் கவனித்துவிட வேண்டும். சடமான உலகம் தானே ஒடுங்கித் தானே தோன்றமாட்டாது, ஆகையால் ஒரு கர்த்தா வேண்டும் என்பது சித்தாந்தத்தின் வாதம். ஆச்சி எழுந்து வராமல் பெட்டி தன்னைத் தானே எழுப்பிக்கொள்ளாது என்பது இதற்கு அநுகூலமாகத் தோன்றும். ஆனால் இன்றைய பொறிகள் பலவற்றில் சிறிய கடிகாரச் சுற்று ஒன்று தனியே வைக்கப்பட்டிருக்கிறது. பொறி ஒழுங்காக இயங்கும்வரை அந்தக் கடிகாரத்துக்கு இடையிடையே, 'இருக்கிறேன்' என்று குறி கொடுத்துக்கொண்டிருக்கும். குறி நின்றுபோனால் கடிகாரம் தானாகவே பொறியை நிறுத்தி எழுப்பிவிடும். ஈசுவரன் வேண்டாமென்ற நிரீச்சுர சாங்கியர் இன்றிருந்தால் இதனை எடுத்து நம் முகத்துக்கு நேரே காட்டியிருப்பார். கடிகாரத்தை வைத்தவன் ஒருவன் உண்டல்லவா என்பது நம்முடைய வழக்கமான விடை. விடை சரியானதே. ஆயினும் வைத்தவன் ஒருமுறை வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம் என்பதை அந்த விடை தடுப்பதில்லை. ஐந்தொழிலும் இடையறாது செய்கின்றவனை நிலைநாட்ட இது போதாதென்றே நான் நினைக்கிறேன்.

இதைவிட நல்ல உதாரணம் 2025 பெப்ரவரி 9 ஆந் தேதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நமக்குக் கிடைத்தது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு போய்ப் பட்டதனால் இலங்கை முழுவதும் மின்சாரம் அற்றது என்று மின்சக்தி அமைச்சரே அறிவித்தார். இலங்கையை ஒரு வானரம் கலக்கியதென்பது நமக்குப் புதிய செய்தியல்லவென்று ஊரிலே சிரித்துக்கொண்டார்கள். சிரிப்பு ஒருபுறமிருக்க, முழுத் தீவும் இருண்ட பின் முதலில் எழுவது எது? நிலக்கரியால் இயங்கும் நுரைச்சோலை நிலையம் தன்னை இயக்கவே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டுவது. அது நின்றால் உடனே எழும்பாது, அடுத்த நாட்களில் ஒன்றரை மணித்தியால மின்வெட்டுக்கு நாம் ஆளானதும் அதனாலேதான். நீர்மின் நிலையமோ மேலே தேங்கி நிற்கும் நீரைத் திறந்துவிட்டால், பிறிதொரு நிலையத்தின் துணை வேண்டாமல் எழத்தக்கது. மற்றவை அதனைப் பற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக எழுகின்றன. எல்லாம் ஒடுங்கிய விடத்தும் ஒடுங்காமல் நிற்பது எதுவோ அதிலிருந்தே மீளத் தோன்றுதல் கூடும், ஆகவே அந்தத்தைச் செய்பவனே ஆதி என்று மெய்கண்டார் நிறுவுகிற முறைக்கு மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் சாட்சி சொல்லுகின்றன.

மாணாக்கனுடைய வினா இன்னும் நிற்கிறது. இளைப்பாற்றல் உயிர்காப்பது என்பதைத் தஹ்ரான் காட்டியது. தூய்மை செய்யாதது என்பதை ஊர் காட்டியது. வெறும் இளைப்பாற்றலோடு கருணை நின்றுவிடுகிறதா?

நம் கோயில்களில் திருப்பணி தொடங்குமுன் நடக்கும் பாலஸ்தாபனத்தை நினைத்துப் பார்க்கலாம். மூலமூர்த்தியில் விளங்கும் சாந்நித்தியத்தைக் கலாகர்ஷணம் செய்து கும்பத்திலே ஏற்றி, சிறிய பாலாலயத்தில் எழுந்தருளச் செய்துவிடுகிறார்கள், கர்ப்பக்கிருகம் ஓய்ந்துவிடுகிறது. அந்த ஓய்வு ஓய்வுக்காக ஏற்பட்டதன்று. அந்நாட்களில் ஸ்தபதி உள்ளே போகிறார், கொத்தன் போகிறான். வெடித்த தளம் பெயர்க்கப்படுகிறது, ஆட்டங்கண்ட பீடம் எடுக்கப்பட்டு மருந்து புதிதாகச் சாத்தப்படுகிறது. பூசை நடக்கிறபோது தொட முடியாததைத் தொடுவதற்காகவே பூசையிடம் மாற்றப்பட்டது. பின்னர் எண்ணெய்க்காப்பு, கும்பாபிஷேகம், மண்டலாபிஷேகம். இயங்கிக்கொண்டிருப்பதை இயங்குகிற நிலையிலேயே திருத்த முடியாது. நிறுத்திய இடைவெளியில் இன்னொரு கை புக முடியும். அருணந்தி சிவாசாரியர் இளைப்பாற்றலை ஐந்திலொன்றாக வைத்தாரேயன்றித் தனியே வைக்கவில்லை. மறைத்தலினால் மலம் பக்குவப்படுகிறது என்றும் உடன் சொன்னார்.

ஆனால் மலத்தைச் செய்தவனும் அவனே, நீக்குகிறவனும் அவனே என்று யாரும் இந்த உவமானத்தை இழுத்துவிடக்கூடாது. பெட்டியின் நிரலில் குற்றம் வைத்தவர் பெட்டியைச் செய்தவரே. திருத்திய நிரலை அனுப்புகிறவரும் அவரே. கையும் மெய்யுமாய்ப் பிடிபட்டவரைக் கருணாமூர்த்தி என்று கொண்டாட நமக்கு நியாயமில்லை. நல்லவனான இறைவன் படைத்த உலகில் தீமை எங்கிருந்து வந்தது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்திலே பாதிரிமாரும் சைவரும் மாறிமாறிக் கேட்டுக்கொண்டபோது, ஆணவம் அநாதி, பதி அதனைப் படைத்தவனல்லன் என்பதே சைவர் கையிலிருந்த உறுதியான விடை. பெட்டிக்கு அந்த விடையைக் கடன்கொடுக்க வேண்டாம்.

அவ்வளவு எச்சரிக்கையோடு, ஒடுக்கத்தின் பயனைப் பற்றிய வினாவுக்கு இப்பெட்டிகளின் சரித்திரத்திலேயே நிகழ்ந்த ஒன்றைச் சொல்லலாம். 2018 மே மாதத்தில், 54 நாடுகளிலே ரவுட்டர் முதலிய குறைந்தது 5 இலட்சம் வலைக்கருவிகளில் விபிஎன்ஃபில்டர் என்று பெயரிடப்பட்ட ஒரு நச்சுநிரல் புகுந்திருப்பதைச் சிஸ்கோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அது மூன்று படியாய் அமைந்தது. இரண்டாம் படியும் மூன்றாம் படியும் வேலைசெய்யும் படிகள். வேவு பார்ப்பதும் பெட்டியைக் கொன்றுவிடுவதும் அவற்றின் தொழில். அவை மின்சாரம் நின்றால் அழிந்துபோகும். முதற்படி நிலையான நினைவகத்தில் வேரூன்றியது. நிறுத்தி எழுப்பினாலும் போகாது. எழுந்தவுடன் தன் எசமானின் முகவரியைத் தேடி அழைத்து மற்ற இரண்டையும் திரும்ப வருவித்துக்கொள்ளும். அந்த மாதம் 25 ஆந் தேதி அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ., வீட்டிலும் சிற்றலுவலகத்திலும் ரவுட்டர் வைத்திருப்போர் எல்லாரும் அதனை ஒருமுறை நிறுத்தி எழுப்ப வேண்டுமென்று உலகத்துக்கு அறிவித்தது.

அறிந்தவர் பலர் இதைக் கேட்டு நகைத்தனர். 'முதற்படி போகாதென்று நீங்களே சொல்கிறீர்கள். பின் நிறுத்துவதனால் என்ன?' என்று அவர்களும் நம் மாணாக்கன் கேட்டதையே கேட்டார்கள். அவர்கள் கவனியாதது ஒன்று. நச்சுநிரல் தன் எசமானைத் தேடுகிற அந்த முகவரியை, நீதிமன்றத்தின் ஆணை பெற்று, எஃப்.பி.ஐ. ஏற்கெனவே தன் கைக்குள் எடுத்துக்கொண்டிருந்தது. பெட்டி நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டிருந்தவரையில் வேர் தன் வேலையை மற்றவற்றின்மீது விட்டுவிட்டு உள்ளே மறைந்திருந்தது; அதற்கு எவரையும் அழைக்க வேண்டிய தேவை இல்லை. நிறுத்தி எழுப்பியவுடன், தான் இழந்ததை மீட்க அது வழக்கமான வாசலுக்குப் போய்த் தட்டியது. அங்கே இப்போது வேறொருவர் இருந்தார். தட்டியது எந்தப் பெட்டி, எந்த ஊர் என்று குறித்துக்கொண்டார். குறித்தவற்றை உரியவர்களிடம் சேர்ப்பிக்க ஏற்பாடு செய்தார். வேரை எடுக்கும் வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது. அதற்கு, பெட்டியின் பின்புறத்துச் சிறு துளைக்குள்ளே ஊசியை விட்டு அழுத்தி, கடவுச்சொல் முதலிய சொந்த ஏற்பாடுகள் யாவற்றையும் இழந்து, செய்தவர் வெளியிட்டிருந்த புதிய நிரலை ஏற்ற வேண்டும். அதை ஒவ்வொரு வீட்டுக்காரரும் தாமே செய்ய வேண்டியிருந்தது, நிறுத்தி எழுப்பியதோடு இணைப்பு வந்துவிட்டதைக் கண்டவர்களில் எத்தனையோ பேருக்கு அந்த ஊசியைத் தேடும் எண்ணமே எழுந்திராது.